ஆறாவது முளை

பாத்திரத்தில் பெயர் வெட்டுவதில் நம்முடைய ஜனங்களுக்கு உள்ள ஆசை சாமானியமானதல்ல. ஐந்நூறு ரூபாய் கொடுத்து ஒரு புத்தகம் வாங்கினால் அதில் பெயர் எழுத மறந்துபோவோம், அது இரவல் போகும், திரும்பி வராது, நாமும் கவலைப்படமாட்டோம். ஆனால் கைக்கடக்கமாக ஒரு சொம்பு வாங்கினால்கூட, "பெயர் வெட்டணுமா?" என்று கடைக்காரர் கேட்ட உடனே காகிதமும் பேனாவும் தேட ஆரம்பித்துவிடுவோம். இனிஷியலைப் போடுவதா, ஊர்ப் பெயரைச் சேர்ப்பதா, 'அன்பளிப்பு' என்ற வார்த்தை மேலே வரவேண்டுமா கீழே வரவேண்டுமா என்று அங்கேயே நின்று ஒரு குடும்ப மாநாடு நடத்துவோம்.

முன்பெல்லாம் பாத்திரக் கடை வாசலில் இதற்கென்றே ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஒரு சின்ன உளி, ஒரு சின்னச் சுத்தியல். இவ்வளவுதான் அவருடைய ஆஸ்தி. எவர்சில்வர் குடத்தை மடியில் சாய்த்துக்கொண்டு, புள்ளி புள்ளியாகத் தட்டி, கோலம் போடுவது போலப் பெயரை எழுப்புவார். இப்போது அந்த இடத்தை மின்சாரப் பேனா பிடித்துக்கொண்டது. 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம், பெயர் தயார். எந்த விதத்தில் வெட்டினால் என்ன? பரணில் கிடக்கும் பழைய அண்டாவை இறக்கிப் பார்த்தால், அதைக் கொடுத்தவரும் இல்லை, வாங்கிக்கொண்டவரும் இல்லை; பெயர்கள் மாத்திரம் பளபளவென்று உட்கார்ந்திருக்கின்றன.

இவ்வளவு பெயர்கள் இருந்தும், காபி குடிக்கும் டம்ளரைப் பற்றி வீடுகளில் பெரிய தகராறு எழுந்ததில்லை. காரணம் நம்முடைய அண்ணாந்து குடிக்கும் சம்பிரதாயம். டம்ளரின் வாய் சற்றே வெளியில் மடிந்திருக்கும். உதடு படாமல் ஊற்றிக்கொள்வதற்கு அது சௌகரியம். உதடு படாத டம்ளர் யாருடையதாக இருந்தால் என்ன? கழுவிக் கவிழ்த்தால் எல்லாம் ஒன்றுதான்.

இந்தச் சமாதானத்தைக் குலைத்தது பீங்கான் 'மக்'. 'மக்கு' என்று எழுதினால் நம் மொழியில் வேறு அர்த்தம் ஆகிவிடும். ஆகையால் காதுக் கோப்பை என்றே சொல்கிறேன். காதுக் கோப்பையில் அண்ணாந்து குடிக்க முயன்றால் சட்டைதான் குடிக்கும். உதட்டில் வைத்து உறிஞ்சத்தான் வேண்டும். உதடு பட்ட க்ஷணத்தில் 'என் கோப்பை, உன் கோப்பை' என்ற பாகப்பிரிவினை வந்துவிடுகிறது. அது மட்டுமல்ல; டம்ளரைக் கவிழ்த்து அடுக்கலாம், தொங்கவிட முடியாது. காது உள்ளதைத்தான் மாட்டித் தொங்கவிடலாம்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் பெயர் போட்ட பலகையின் பிரச்னை உதயமாயிற்று. ஒரே அச்சில் வார்த்தது போல ஆறு வெள்ளைக் கோப்பைகள். தினமும் காலையில், "என்னுடையதை யார் எடுத்தது?" என்று பேரன் விசாரணைக் கமிஷன் நியமித்துவிடுவான். கடைசியில் மருமகள் ஒரு யோசனை சொன்னாள். சமையலறைச் சுவரில் ஒரு பலகை. பலகையில் வரிசையாக முளைகள். ஒவ்வொரு முளையின் கீழும் ஒரு பெயர். பக்கத்துத் தெருவில் மரத்தில் பெயர் செதுக்கும் யந்திரம் வந்திருக்கிறது, அங்கே கொடுத்தால் செய்து தருவார்கள் என்றாள். கோப்பைகளைப் பற்றிய ஞானம் எனக்குக் குறைவு. ஆனால் வேடிக்கை பார்ப்பதில் குறைவில்லை. ஆகவே அந்த உத்தியோகத்தை நான் ஏற்றுக்கொண்டேன்.

தகப்பனாரும் பிள்ளையுமாக நடத்தும் பட்டறை அது. தகப்பனார் பரம்பரைத் தச்சர். இழைப்புளி பிடித்துப் பிடித்துக் கட்டை விரல் சற்று வளைந்தே போனவர். பிள்ளை பாலிடெக்னிக்கில் படித்தவர். பட்டறையின் ஒரு பாதியில் தகப்பனாரின் வேலைமேஜை. மறு பாதியில் பிள்ளையின் ஸி.என்.ஸி. ரௌட்டர். நடுவில் கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோடு ஒன்று உண்டு. மரத்தூள் மாத்திரம் அந்தக் கோட்டை மதிப்பதில்லை.

யந்திரத்தைப் பார்த்தால் ஒன்றும் பிரமாதமில்லை. எட்டடிக்கு நாலடியில் ஒரு மேஜை. அதன் குறுக்கே ஒரு பாலம். பாலத்தில் ஒரு மோட்டார். மோட்டாரின் வாயில் பேனா முனை போன்ற ஓர் உளி. பாலம் நீளவாட்டில் போய் வரும். மோட்டார் பாலத்தின் மேல் குறுக்குவாட்டில் போய் வரும். உளி மேலும் கீழும் இறங்கி ஏறும். மூன்றே மூன்று அசைவுகள். உளி நிமிஷத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்றுச் சுற்றுகிறது. பல் வைத்தியரின் யந்திரத்தை நூறு மடங்கு பெரிதாக்கிக் காதருகில் வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு சத்தம். அதற்குக் கட்டளை கொடுப்பது ஒரு நீண்ட பட்டியல். 'இவ்வளவு தூரம் நீளவாட்டில் போ, இவ்வளவு குறுக்குவாட்டில், இவ்வளவு ஆழம், இந்த வேகம்' என்று வரி வரியாக எண்கள். ஒரு பெயருக்கு நூற்றுக்கணக்கான வரிகள். பெயரை அது படிப்பதில்லை. எண்ணைத்தான் படிக்கிறது.

இந்த யந்திரத்தின் பூர்விகம் ரஸமானது. அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்துகொண்டிருந்தார். இறக்கையின் வளைவு கொஞ்சமும் பிசகக் கூடாது. வளைவு நெடுக அடுத்தடுத்த புள்ளிகளைக் கணக்கிட்டு, அந்தப் புள்ளிகளின்படி யந்திரத்தை நகர்த்தினால் என்ன என்று அவருக்குத் தோன்றிற்று. 1949-ல் அமெரிக்க விமானப் படை பணம் கொடுத்தது; எம்.ஐ.டி. என்னும் மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடம் வேலையில் சேர்ந்துகொண்டது. 1952-ல், துளையிட்ட காகித நாடாவைப் படித்து, அதில் உள்ள எண்களின்படி உலோகத்தைச் செதுக்கும் யந்திரத்தை அங்கே பலர் முன்னிலையில் ஓட்டிக் காட்டினார்கள். பிறகு அந்த எண்களை மனிதன் உட்கார்ந்து கணக்குப் போடாமல், கணிப்பொறியே போட்டுக் கொடுப்பதற்கு ஒரு மொழியைக் கண்டுபிடித்தார்கள். 1959-ல் அதைப் பத்திரிகைக்காரர்களுக்கு அறிமுகம் செய்தபோது, வந்தவர்களுக்கு ஞாபகார்த்தமாக என்ன கொடுத்தார்கள் தெரியுமா? இந்த முறையில் குடைந்தெடுத்த அலுமினியச் சாம்பல் கிண்ணம்! விமானத்துக்காகப் பிறந்த யந்திரம் சாம்பல் கிண்ணம் செய்தபோதே, ஒரு நாள் அது நம் சமையலறைக்கும் வந்துசேரும் என்று யாராவது ஊகித்திருக்கலாம்.

பெயரைச் செதுக்கும் விதத்தைப் பிள்ளை எனக்கு விளக்கினார். அந்த உளியின் முனை கூம்பாக இருக்கிறது. தொண்ணூறு பாகைக் கோணம். மூன்று மில்லிமீட்டர் ஆழம் இறங்கினால் ஆறு மில்லிமீட்டர் அகலத்துக்குக் கோடு விழும். ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் இரண்டு மில்லிமீட்டர் அகலம். எழுத்து தடிக்க வேண்டிய இடத்தில் உளி ஆழமாகப் போகிறது; மெலிய வேண்டிய இடத்தில் மேலே எழும்புகிறது. அழுத்தி எழுதினால் தடித்தும், லேசாக எழுதினால் மெலிந்தும் விழுகிற கட்டைப் பேனாவைப் போலத்தான்.

"தமிழ் எழுத்து இதுக்கு வராதுன்னு முதல்ல பயந்தேன் சார்," என்றார். "இங்கிலீஷ் எழுத்துன்னா நேர் கோடு நிறைய. நம்ம எழுத்துல எங்க பார்த்தாலும் சுழி. சுழிக்குள்ள ஒரு துளி மரம் தீவு மாதிரி நிக்கும். எழுத்தைச் சின்னதாப் போட்டா அந்தத் தீவு பிச்சுக்கிட்டுப் போயிடும்."

தகப்பனார் தம் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார்: "நார் ஓடற திசை தெரியாம பலகையைப் படுக்கப் போட்டா பிச்சுக்கிட்டுத்தான் போகும்."

மரத்தின் நார் ஓடுகிற திசையில் கோடு இழுத்தால் வழவழவென்று வரும். குறுக்கே இழுத்தால் சிலாம்பு கிளம்பும். சுழியெழுத்து என்றால் ஒவ்வொரு சுழியிலும் உளி நாரோடு கொஞ்ச தூரம், நாருக்கு எதிராகக் கொஞ்ச தூரம் என்று போயாக வேண்டும். ஓலையில் நேர் கோடு இழுத்தால் கிழியும் என்றுதான் நம் எழுத்துக்கள் இப்படி வளைந்தன என்று சொல்வார்கள். ஓலையிலிருந்து தப்பித்த எழுத்து மரத்தில் வந்து மாட்டிக்கொண்டது!

நான் போயிருந்த ஒரு நாள், ஒரு பெரியவர் தம் வீட்டு வாசலுக்குப் பெயர்ப் பலகை செய்ய வந்திருந்தார். திருவண்ணாமலையில் மலையாக நிற்கும் ஈசுவரனின் பெயர்தான் அவருடைய பெயரும். அந்தப் பெயரில் 'ணா'வும் இருக்கிறது, 'லை'யும் இருக்கிறது. 1978-ல் அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தம் செய்ததில் இந்த இரண்டு எழுத்துக்களும் உருவம் மாறின. அதுவரையில் 'லை'க்கு முன்னால் யானைத் துதிக்கை போன்ற ஒரு கொம்பு இருந்தது. 'ணா'வுக்குத் தனிக் காலே கிடையாது, எழுத்தின் வாலே சுழன்று காலாகிவிடும். பெரியவருக்கு அந்தப் பழைய உருவந்தான் வேண்டுமாம். இப்போது கணிப்பொறிகளில் சாதாரணமாக வழங்குகிற எழுத்துருக்களில் அதற்கு எங்கே போவது? பெரியவர் ஒரு பையைத் திறந்து பித்தளைக் கூஜா ஒன்றை எடுத்து வைத்தார். அவருடைய கல்யாணத்துக்கு வந்ததாம். அதன் வயிற்றில், யாரோ ஒரு பெயர் தெரியாத கைக்காரர் புள்ளி புள்ளியாகத் தட்டிய பழைய 'ணா'வும் பழைய 'லை'யும் இருந்தன. பிள்ளை அதைப் படம் பிடித்து, கணிப்பொறியில் ஏற்றி, விளிம்பைச் சுற்றிக் கோடு இழுத்து, இரண்டு மணி நேரத்தில் யந்திரத்துக்குப் புரியும்படி செய்துவிட்டார். பலகையைக் கையில் வாங்கியபோது பெரியவர் விரலால் அந்தத் துதிக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பெயர் என்றால் உச்சரிப்பு மட்டுமல்ல என்று அன்றைக்குத் தெரிந்தது.

எங்கள் பலகைக்கு மரம் தேர்ந்தெடுத்தவர் தகப்பனார். இடித்த பழைய வீட்டிலிருந்து வந்த தேக்கு நிலைக்கால் ஒன்று. "இனிமே இது வளையாது; வளைய வேண்டியதெல்லாம் வளைஞ்சு முடிச்சாச்சு," என்றார். அதை அறுப்பதற்கு முன்னால் ஒரு காந்தத்தை எடுத்து அங்குலம் அங்குலமாகத் தடவினார். பழைய மரத்துக்குள் ஆணி ஒளிந்திருக்குமாம். அது தெரியாமல் உளி இறங்கினால் உளி தெறித்துப் போகும். மூன்று ஆணிகள் அகப்பட்டன. யந்திரத்துக்கு அந்த ஆணிகள் தெரிய வழியில்லை.

முளை விஷயத்திலும் அப்படித்தான். முளை நேராக நீட்டிக்கொண்டிருந்தால் கோப்பை வழுக்கி விழும். பத்துப் பாகையாவது மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இந்த யந்திரமோ நேர் கீழேதான் துளை போடும், சாய்க்கத் தெரியாது. ஆகவே துளைகளைத் தகப்பனார் எடுத்துக்கொண்டார். பலகைக்கு அடியில் ஓர் ஆப்பைச் சொருகி, பலகையையே சாய்த்துவைத்துத் துளையிட்டால் தீர்ந்தது விஷயம்!

முளைக்கும் முளைக்கும் பன்னிரண்டு ஸென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் கோப்பைகள் ஒன்றோடொன்று இடிக்காது. ஆறு முளைக்கு எழுபத்திரண்டு ஸென்டிமீட்டர். "ஆறு பேரையும் எழுதிக் கொடுங்க சார்," என்றார் பிள்ளை.

ஆறு கோப்பைகள், ஆனால் வீட்டில் நாங்கள் ஐந்து பேர். ஆறாவது கோப்பை, எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பெருக்கி மெழுகும் அம்மாளுடையது.

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும். நான் சிறுவனாக இருந்த வீட்டில், கொல்லைப்புறச் சுவரில் ஒரு மாடம் இருந்தது. அந்த மாடத்தில் ஒரு டம்ளர் எப்போதும் கவிழ்த்து வைத்திருக்கும். வேலை செய்ய வருகிறவர்களுக்கு அதில்தான் காபி. அவர்களே கழுவி அவர்களே கவிழ்த்துவிட்டுப் போவார்கள். வீட்டில் இருந்த அத்தனை பாத்திரங்களிலும் பெயர் இருந்தது. அந்த ஒரு டம்ளரில் மட்டும் இல்லை. அது யாருடையது என்று யாரும் சந்தேகப்பட்டதுமில்லை. பெயர் இல்லாததே அதற்கு அடையாளம். 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் பதினேழாவது ஷரத்து தீண்டாமையை ஒழித்தது; 1955-ல் அதைத் தண்டிக்கச் சட்டமும் வந்தது. சட்டங்கள் வந்த பிறகும் எத்தனையோ ஊர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. வீட்டுக் கொல்லைப்புற மாடத்தை எந்தப் போலீஸ்காரர் வந்து பார்க்கப் போகிறார்?

ஆகையால் ஐந்து பெயரைச் செதுக்கி ஆறாவதை வெறுமையாக விட்டால், தேக்குப் பலகையில் அந்த மாடத்தையே மறுபடியும் கட்டினதாகிவிடும் என்று எனக்குப் பட்டது. என் மனைவிக்கும் அப்படியே பட்டிருக்க வேண்டும். "அவங்களையே கேட்டுடலாம்," என்றாள்.

கேட்டோம். அந்த அம்மாள் கையிலிருந்த தேய்ப்பு நாரை வைக்காமலே பதில் சொன்னார்.

"என் பேரெல்லாம் எதுக்குங்க? நாளைக்கு நான் வேலைய விட்டுப் போயிட்டா அந்தப் பேரை என்ன செய்வீங்க, சுரண்டி எடுப்பீங்களா? கப்பு எல்லாத்தோடயும் தொங்கினாப் போதும்."

இதற்கு என்ன மறுமொழி சொல்வது? அவர் சொன்னதில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. முதலாவது, எங்களுடைய தாராளத்தின் ஆயுள் எவ்வளவு என்று கேட்டது. இரண்டாவது, தமக்கு உண்மையில் எது வேண்டும் என்று சொன்னது. பெயர் ஓர் அலங்காரம், இடம் அலங்காரமல்ல. எல்லோருடைய கோப்பையும் தொங்குகிற வரிசையில் ஓர் இடம். அதைத்தான் அவர் கேட்டார்.

"அப்படியானால் யாருக்குமே பெயர் வேண்டாம், வெறும் முளை போதும்," என்றாள் மருமகள். பேரனுக்கு அழுகை வந்துவிட்டது. பட்டறையில் சொன்னபோது பிள்ளைக்கும் முகம் சுண்டிவிட்டது. "பேர் இல்லாத பலகைக்கு இந்த யந்திரம் எதுக்கு சார்? அப்பாவே அரை நாள்ல போட்டுக் குடுத்துடுவார்," என்றார். இரண்டு நாள் வேலை அப்படியே நின்றது.

மூன்றாம் நாள் காலையில் அந்த அம்மாள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, சமையலறை வாசற்படியில் வந்து நின்றார். "ராத்திரி என் பொண்ணுகிட்ட சொன்னேங்க. நீ ஏம்மா வேணாம்னு சொன்னேன்னு திட்டுது. போடறதா இருந்தா முழுப் பேரைப் போடுங்க. கூப்பிடற பேரைப் போட வேணாம்."

தெருவில் எல்லா வீட்டிலும் அவரை அழைப்பது இரண்டெழுத்துப் பெயரால். முழுப் பெயரை அவர் மகள் ஒரு நோட்டுப் புத்தகத் தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். அம்மன் பெயரும் பாட்டி பெயருமாகச் சேர்ந்து ஒன்பது எழுத்து. எங்கள் ஐந்து பெயர்களில் எதுவும் ஆறெழுத்தைத் தாண்டவில்லை.

தாளைப் பார்த்துப் பிள்ளை தலையைச் சொறிந்தார். பன்னிரண்டு ஸென்டிமீட்டருக்குள் ஒன்பது எழுத்து அடங்காது. "கவலையே இல்லை சார், அந்த ஒரு பேரை மட்டும் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் அமுக்கிடலாம். ஒரு தட்டுத் தட்டினாச் சின்னதாயிடும்," என்று தட்டியும் காட்டினார். திரையில் ஐந்து பெயர்கள் நிமிர்ந்து நின்றன. ஆறாவது ஒடுங்கி உட்கார்ந்திருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் தகப்பனார் எல்லைக்கோட்டைத் தாண்டி வந்துவிட்டார். திரையைச் சற்று நேரம் பார்த்தார். "அவ்வளவு சின்னதாப் போட்டா சுழிக்குள்ள மரம் நிக்காதுன்னு நீதானேடா சொன்னே?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நிலைக்கால்ல இன்னும் மரம் இருக்கு ஐயா. பலகையை நீட்டிடலாம்," என்றார்.

ஒன்பது எழுத்துக்குப் பதினாறு ஸென்டிமீட்டர் வேண்டியிருந்தது. ஒரு முளைக்கு மட்டும் அதிக இடம் விட்டால் வரிசை கோணலாகும். ஆகவே எல்லா முளைகளுக்கும் பதினாறு. எழுபத்திரண்டு ஸென்டிமீட்டர்ப் பலகை தொண்ணூற்றாறு ஸென்டிமீட்டர் ஆயிற்று. கூலியும் மரமும் கூடிற்று. சமையலறைச் சுவரில் அதற்கு இடம் பண்ணுவதற்காகக் காலண்டர் கூடத்துக்குக் குடிபெயர்ந்தது. என் பெயருக்கு இருபுறமும் இப்போது தாராளமாக வெற்றிடம் இருக்கிறது. எல்லாம் அந்த ஒன்பது எழுத்தின் உபயம்.

யந்திரம் ஆறு பெயரையும் முக்கால் மணியில் செதுக்கி முடித்தது. ஐந்தாவது பெயரிலிருந்து ஆறாவதற்குப் போகும்போது அதன் சத்தத்தில் எந்த மாறுதலும் இல்லை. அதே பதினெட்டாயிரம் சுற்று, அதே ஆழம். அதற்கப்புறம் தகப்பனார் சுழிகளுக்குள் நின்ற சிலாம்புகளை ஒரு சின்ன உளியால் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு, உப்புக்காகிதம் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசினார். எண்ணெய் காய நான்கு நாள். அது காய்கிற வரையில் பலகையில் கோப்பையை மாட்டக் கூடாது என்பது அவருடைய உத்தரவு.

ஐந்தாம் நாள் பலகை சுவரில் ஏறிற்று. அந்த அம்மாள் தம் மகளையும் அழைத்து வந்திருந்தார். மகள் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து, 'ள'கரம் சரியாக இருக்கிறதா என்று பரிசோதித்தாள், சரியாகவே இருந்தது. அம்மாள் காபியைக் குடித்துவிட்டு, எல்லாக் கோப்பைகளோடும் சேர்த்துத் தம் கோப்பையையும் தேய்த்து, ஆறையும் துடைத்து மாட்டினார். பேரன் உடனே போய், இரண்டு கோப்பைகள் இடம் மாறி இருக்கின்றன என்று கண்டுபிடித்துச் சொன்னான். அவன் தாத்தாவின் கோப்பை பாட்டியின் முளையில் தொங்கியது. அதை யாரும் மாற்றவில்லை; மறுநாள் காலைக் காபி வருகிற வரையில் அப்படியே தொங்கிற்று.